மெய்நிகர் உலகில் கதைகூறலும் 'கண்டோர்' நிலையும்

கதை கூறும் கலைகள் பலவற்றுக்கும் பொதுவாக அமைந்தது எல்லை. ஓவியத்துக்குச் சட்டமும், அரங்க நாடகத்துக்கு மேடையும், திரைப்படத்துக்கு வெண்திரையும், நூலுக்கு ஏடும் எல்லைகளாகின்றன. காண்போரை ஒருபுறத்தும் காணப்படுவதை மறுபுறத்தும் நிறுத்தும் இவ்வெல்லை, கலைஞனுக்கு இரண்டு உரிமைகளை வழங்குகிறது. எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை ஒன்று. காண்போர் அக்கதையுலகைச் சேர்ந்தவர் அல்லர் என்பதைச் சொல்லாமலே உணர்த்திவிடும் உரிமை மற்றொன்று. மெய்நிகர் உலகு என்னும் புதிய ஊடகம் இவ்விரண்டையும் ஒருசேரப் பறித்துக்கொள்கிறது. தலையில் அணியும் கருவியின் கண்ணாடிகள் வழியே, காண்பவரைச் சுற்றி முன்னும் பின்னும் மேலும் கீழும் ஓர் உலகு விரிகிறது. தலையைத் திருப்பினால் அவ்வுலகின் மற்றொரு பகுதி தோன்றுகிறது. காண்பவர் அதன் நடுவில் நிற்கிறார். எதை நோக்குவது என்பதை அவரே முடிவு செய்கிறார்.

இவ்வூடகத்தில் கதை கூறுவோர்க்கென நெறிகள் பல 2015ஆம் ஆண்டு முதலாக வகுக்கப்பட்டு வந்துள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை முதல் இழப்பைப் பற்றியே, அதாவது சட்டகம் இல்லாத இடத்தில் காண்போரின் கவனத்தை எவ்வாறு செலுத்துவது என்பதைப் பற்றியே, கவலைகொள்கின்றன. இரண்டாம் இழப்பு அவற்றில் ஓரமாகவே பேசப்படுகிறது. கதையின் நடுவில் நிற்கும் இவர் யார்? அங்கு நிகழ்வதற்கும் இவருக்கும் என்ன உறவு? இவ்வினாவை முதன்மையாகக் கொண்டு அந்நெறிகளையும் சில படைப்புகளையும் மதிப்பிட இக்கட்டுரை முற்படுகிறது.

கருவியின் வரலாறு ஈண்டுச் சுருக்கமாகச் சுட்டத்தக்கது. தலையசைவுக்கேற்பக் காட்சி மாறும் கருவியை ஐவன் சதர்லண்டு 1968ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உருவாக்கிக் காட்டினார். அதன் தாங்கி கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டிருந்தது. அதில் தெரிந்தவை வெறும் கோட்டுருவங்களே. 'மெய்நிகர் உலகு' என்பதற்குரிய ஆங்கிலத் தொடரை 1980களில் பரவலாக்கியவர் ஜேரன் லனியர். 1990களில் பெரிதும் பேசப்பட்டுப் பின்னர் ஆய்வுக்கூடங்களுக்குள் ஒடுங்கிய இத்துறை, 2012ஆம் ஆண்டில் ஆக்குலஸ் நிறுவனம் தன் கருவியை அறிவித்த பின்னரே மீண்டும் பொதுமக்கள் கவனத்துக்கு வந்தது. அந்நிறுவனத்தை 2014இல் ஃபேஸ்புக் விலைக்கு வாங்கியது. அதே ஆண்டில் கூகுள், கைப்பேசியைச் செருகிப் பார்க்கும் எளிய அட்டைப்பெட்டிக் கருவியை வெளியிட்டது. 2015 நவம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், போரினால் இடம்பெயர்ந்த மூன்று சிறார்களைப் பற்றிய முழுவட்டப் படத்தைக் காண்பதற்காகப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைப்பெட்டிகளைத் தன் வாசகர்களுக்கு அனுப்பியது. கதை கூறும் ஊடகமாக இதனைக் கருதிப் படைத்தோரும், நெறி வகுத்தோரும் இக்காலப்பகுதியினரே.

ஆக்குலஸ் நிறுவனம் கதைப்படங்களுக்கென அமைத்த கலைக்கூடம் 2015 ஜனவரியில் 'லாஸ்ட்' என்னும் குறும்படத்தை வெளியிட்டது. இரவுநேரக் காடு, ஒரு மின்மினி பறந்து வருகிறது, அதன்பின் பெரியதோர் இயந்திரக் கை, தன் உடலைத் தேடிப் புதர்களுக்கிடையே ஊர்ந்து வருகிறது. இதனை உருவாக்கியோர் தம் பட்டறிவிலிருந்து கண்டறிந்து வெளியிட்ட செய்திகள் இத்துறையில் அடிப்படை நெறிகளாகப் பின்னர்ப் பலராலும் கொள்ளப்பட்டன. கதையை உடனே தொடங்கலாகாது. காண்பவர் தாம் வந்துசேர்ந்த இடத்தைச் சுற்றிப் பார்த்து நிலைகொள்ளச் சிறிது நேரம் வேண்டும். அதன்பின் ஓர் ஒலியோ ஒளியோ அவரைக் கதையின்பால் அழைக்க வேண்டும். மின்மினி அத்தகைய அழைப்பு. திரைப்படத்துக்குரிய விரைவு இங்குப் பொருந்தாது.

வெட்டு பற்றிய நெறி இன்னும் நுட்பமானது. கூகுள் நிறுவனத்தில் பணியாற்றிய ஜெசிக்கா பிரில்ஹார்ட், முழுவட்டப் படத்தில் ஒரு காட்சியின் இறுதியில் பார்வையாளர் எத்திசையை நோக்கியிருக்கக்கூடும் என்பதைக் கணித்து, அடுத்த காட்சியின் முதன்மைப் பொருளை அத்திசையிலேயே அமைக்கும் முறையை விளக்கினார். இங்குத் தொகுப்பாளர் காட்சித்துண்டுகளை வெட்டி ஒட்டுபவர் மட்டும் அல்லர். உலகையே ஓர் அச்சில் சுழற்றி வைப்பவர். அவர் காண்போரை உறுதியாக இயக்குவதில்லை. இவ்வாறு நோக்கக்கூடும் என ஊகித்து இயங்குகிறார். படத்தொகுப்புக் கலையில் இது உண்மையிலேயே புதிய சிந்தனையாகும். காண்பவர் நிற்க, காட்சி மட்டும் நகர்ந்தால் கண்ணுக்கும் செவியின் சமநிலை உறுப்புக்கும் முரண் தோன்றித் தலைசுற்றல் உண்டாகும் என்பதால் வகுக்கப்பட்ட உடல்நலம் சார்ந்த நெறிகளும் உள. அவை பொறியியல் நூல்களில் விரிவாகக் கிடைப்பதால் ஈண்டு விடப்படுகின்றன.

கவனத்தைச் செலுத்தும் நெறிகள் பயனுடையனவே. எனினும் அவை தீர்க்கும் சிக்கல் அத்துணைப் புதியதன்று. தெருக்கூத்தில் சட்டகம் இல்லை, ஆடுகளத்தின் பல பக்கங்களிலும் மக்கள் அமர்ந்திருப்பர், குழந்தைகள் உறங்குவர், சிலர் எழுந்து செல்வர். திரை பிடித்தலும், கட்டியங்காரனின் அழைப்பும், முகவீணையின் ஒலியும் அவர்களின் நோக்கை வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்துக்குத் திருப்புகின்றன. திரௌபதியம்மன் விழாவின் படுகளத்தன்று மண்ணால் பரப்பப்பட்ட துரியோதனன் உருவைச் சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு முன்புறம் பின்புறம் என்பதே இல்லை. மின்மினி செய்த வேலையைக் கட்டியங்காரன் நெடுங்காலமாகச் செய்துவருகிறான்.

இயந்திரத்தாலேயே இச்சிக்கலைத் தீர்த்துவிடும் முயற்சியும் உண்டு. இசையமைப்பாளர் ஏ. ஆர். ரஹ்மான் இயக்கி, 2022இல் கான் நகரில் காட்டப்பட்ட 'லே மஸ்க்' 36 நிமிட நீளமுடையது. தன் வாழ்வைக் குலைத்தோரை அவர்களது மணத்தின் நினைவைக் கொண்டே தேடும் பெண்ணொருத்தியின் கதை அது. காண்பவர் அமரும் நாற்காலி படத்துக்கேற்பத் திரும்பவும் சாயவும் வல்லது. உரிய இடத்தில் மணமும் வெளிப்படும். மணத்தைக் கதையின் கருவாகவே கொண்டமை பொருத்தமான தேர்வு. ஆனால் நாற்காலியே காண்பவரைத் திருப்பும்போது, சட்டகம் வேறு வடிவில் திரும்பிவந்து விடுகிறது. கவனச் சிக்கல் தீர்ந்தாலும் 'இவர் யார்' என்னும் வினா தீர்வதில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

அவ்வினாவை ஆக்குலஸ் கலைக்கூடத்தாரும் எதிர்கொண்டனர். காண்பவர் ஓரிடத்தில் முழுமையாக இருப்பதாக உணர்ந்தும், அங்குள்ள எவரும் எதுவும் அவரைப் பொருட்படுத்தாதபோது, தாம் ஆவியோ என்னும் உணர்வு தோன்றுகிறது. 1990இல் வெளிவந்த 'கோஸ்ட்' திரைப்படத்தில் ஆவியாக நடித்த நடிகர் பெட்ரிக் ஸ்வேஸியின் பெயரால் அவர்கள் இதனைச் 'ஸ்வேஸி விளைவு' என்றனர். இதற்கு அவர்கள் கண்ட மருந்து 'ஹென்றி' (2015) என்னும் அடுத்த படத்தில் உள்ளது. தன் பிறந்தநாளைத் தனியே கொண்டாடும் முள்ளெலி ஹென்றி, இடையிடையே காண்பவரின் கண்களை நேரே நோக்குகிறது. அந்நோக்கு இனிமையானது, படத்துக்கு 2016இல் எம்மி விருதும் கிடைத்தது. ஆயினும் அதில் ஒரு பொய் உண்டு. ஹென்றிக்கு நண்பர் இல்லை என்பதே கதை. கண்ணெதிரே ஒருவர் அமர்ந்திருப்பதை அது காண்கிறது என்றால் அது தனியாக இருக்கிறது என்பது எவ்வாறு பொருந்தும்? நோக்கு மட்டும் உறவாகிவிடாது. பிறந்தநாள் மேசையின் அருகில் அமர்ந்திருப்பவர் விருந்தினரா, அயலாரா என்பதைப் படம் இறுதிவரை கூறவில்லை.

இவ்விடத்தில் தொல்காப்பியச் செய்யுளியல் தரும் கருத்தமைப்பு துணைபுரிகிறது. செய்யுளின் உறுப்புகளாக அது எண்ணுவனவற்றுள் கூற்று, கேட்போர், களன், காலம், மெய்ப்பாடு, முன்னம் ஆகியன அடங்கும். ஒரு பாடலைப் பொருள்கொள்ள வேண்டுமாயின் யார் கூறுகின்றார் என்பதோடு, யாரிடம், எவ்விடத்தில் கூறுகின்றார் என்பனவும் அறியப்பட வேண்டும் என்பது இதன் கருத்து. தொல்காப்பியர் மெய்நிகர் உலகை முன்னறிந்தார் என்று கூறப் புகுவது நகைப்புக்கே இடமாகும். அத்தகைய உரிமை கோரல்களால் பழந்தமிழ் இலக்கணத்துக்குப் பெருமை எதுவும் சேர்வதில்லை. ஆனால் பிற திறனாய்வு மரபுகள் ஒன்றாகக் குழைத்துவிட்ட இரு நிலைகளை இவ்விலக்கணம் பிரித்து வைத்துள்ளது. அகப்பாடலில் தலைவியின் சொல்லைக் கேட்பவள் தோழி. பாடலைப் படிப்பவர் அச்சொல்லை அயலிலிருந்து அறிபவர். படிப்பவர்க்குக் களத்தில் இடம் இல்லை. இல்லாமையே அவருக்குரிய இடம். மெய்நிகர் உலகு படிப்பவரைக் களத்துக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்துகிறது. நிறுத்திய பின் அவரைக் 'கேட்போர்' வரிசையில் சேர்க்கவும் தயங்குகிறது. ஸ்வேஸி விளைவு எனப்பட்டது இத்தயக்கத்தின் பெயரே.

களத்தில் இருந்தும் கதைமாந்தருள் ஒருவர் ஆகாதார்க்கு அவ்விலக்கணத்தில் இடம் உண்டா? உண்டு. உடன்போக்கில் செல்லும் தலைவனையும் தலைவியையும் வழியில் காண்போர் 'கண்டோர்' எனப்படுவர். அகத்திணையியல் அவர்களது கூற்று நிகழும் இடங்களை வரையறுக்கிறது. பொழுது சாய்வதையும் வழியின் அச்சத்தையும் எடுத்துக்காட்டுதல், தம் ஊர் அண்மையில் உள்ளது என்றும் செல்லும் இடம் தொலைவு என்றும் அன்போடு கூறுதல், மகளைத் தேடிவரும் தாயின் நிலை கண்டு அவளைத் தடுத்தலும் விடுத்தலும் ஆகியன அவற்றுள் அடங்கும். கண்டோர்க்குப் பெயர் இல்லை. கதையை மாற்றும் ஆற்றலும் பெரிதாக இல்லை. ஆனால் அவர்கள் அவ்வழியின் மக்கள். அவர்களுக்கு அங்கு ஓர் ஊர் உண்டு. கண்டதனால் அவர்களுக்குக் கவலை உண்டு. குறுந்தொகையின் ஏழாம் பாடல் கண்டோர் கூற்றாக அமைந்தது. அதில் காண்பவர் இணையரை அறியார். அவர் நோக்கு முதலில் விழுவது கால்களின்மேல்: அவன் காலில் கழல், அவள் காலில் சிலம்பு. அவள் இன்னும் மணம் முடியாதவள் என்பதைச் சிலம்பு காட்டிவிடுகிறது. யாரோ இவர்கள் என்னும் இரக்கம் அடுத்துப் பிறக்கிறது. அறியாமை, நோக்கு, ஊகம், இரக்கம் என்னும் இவ்வரிசை பின்வரும் படைப்புகளை ஆராய்வதற்கு ஏற்ற அளவுகோலாகிறது.

நோனி டி லா பேன்யாவின் 'ஹங்கர் இன் லாஸ் ஏஞ்சலிஸ்' 2012இல் சண்டான்ஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. உணவு வழங்கும் இடமொன்றில் நீண்ட வரிசையில் நின்ற ஒருவர் நீரிழிவு நோயால் மயங்கி விழுந்த உண்மை நிகழ்ச்சி, அங்குப் பதிவான ஒலியைக் கொண்டு கணிப்பொறி உருவங்களால் மீட்டமைக்கப்பட்டது. உருவங்கள் செம்மையற்றவை; பொம்மைகளை ஒத்தவை. ஆயினும் கண்டவர்கள் விழுந்தவரை மிதித்துவிடாதபடி சுற்றி நடந்தனர். சிலர் அருகில் மண்டியிட்டு உதவ முயன்றனர். ஓரிடத்தில் இருப்பதான மயக்கத்தையும், அங்கு நிகழ்வது உண்மையாகவே நிகழ்கிறது என்னும் மயக்கத்தையும் மெல் ஸ்லேட்டர் 2009இல் வேறுபடுத்திக் காட்டினார். இப்படைப்பில் உருவத்தின் செம்மையின்மை இரண்டாவது மயக்கத்தைக் கெடுக்கவில்லை. காரணம் எளிது. வரிசையில் நிற்பவர் யார் என்பது வினவப்பட வேண்டியதே இல்லை. அவரும் அத்தெருவில் நிற்கும் ஒருவர். கண்டோர்க்குரிய இடத்தைக் களமே வழங்கிவிட்டது. உதவ இயலாமையும் செயற்கையாகத் தோன்றவில்லை. தெருவில் விழுந்தவரைச் சூழ்ந்து நிற்போரின் கையறு நிலை அத்தகையதே.

இதற்கு நேர்மாறானது, இத்துறையில் மிகுதியாகப் பாராட்டப்பட்ட 'கிளவுட்ஸ் ஓவர் சித்ரா' (2015). ஐக்கிய நாடுகள் அவையின் ஆதரவில் கேபோ அரோராவும் கிறிஸ் மில்க்கும் உருவாக்கிய இப்படம், ஜோர்டானில் உள்ள சாத்தரி முகாமில் வாழும் 12 வயதுச் சிரியச் சிறுமி சித்ராவின் குரலில் அமைந்தது. டாவோஸ் நகரில் நடந்த உலகப் பொருளியல் மாநாட்டில் இது காட்டப்பட்டது. அதே ஆண்டில் மில்க் ஆற்றிய உரை, இவ்வூடகத்தை ஒத்துணர்வை உண்டாக்கும் இயந்திரமாக வருணித்துப் புகழ்பெற்றது.

படத்தின் நல்லியல்புகள் மறைக்கத்தக்கன அல்ல. முகாமின் துயரத்தை அது அழுகையாகக் காட்டவில்லை. ரொட்டிக் கடை, பள்ளி, கணிப்பொறி விளையாட்டில் மூழ்கிய சிறுவர்கள், பந்தாடும் சிறுமியர் என அன்றாட வாழ்வையே காட்டுகிறது. குறை வேறிடத்தில் உள்ளது. முகாமின் சிறுவர்கள் சூழ்ந்து நின்று நேரே நோக்கும் கணங்களில், காண்பவர் அந்நோக்கைத் தம்மீது பட்டதாகக் கொள்கிறார். உண்மையில் அச்சிறுவர்கள் நோக்கியது தாங்கியின்மேல் பல கண்களோடு நின்ற ஒரு விந்தையான கருவியை. அந்நோக்கிலுள்ள வியப்பு இயந்திரத்தின்மேல் எழுந்த வியப்பு. அது டாவோஸில் அமர்ந்திருப்பவர்க்கு அன்பாகவும் அழைப்பாகவும் மாறிச் சென்றடைகிறது. திரைப்படத்திலும் தெருவிற் செல்வோர் ஒளிப்பதிவுக் கருவியை நோக்குவதுண்டு. அங்கு அது பிழையெனக் கருதி நீக்கப்படும். இங்கு அதுவே பயனாகிறது. ஒத்துணர்வு இயந்திரம் என்னும் கூற்று பெரிதும் இத்தகைய இடமாற்றத்தின்மேல் நிற்கிறது. காண்பவர் சித்ராவின் விருந்தினராகத் தம்மை உணரலாம். ஆனால் அவரை எவரும் அழைக்கவில்லை. கண்டோர்க்குரிய அறியாமை இங்கு இல்லை. எல்லாவற்றையும் சித்ராவின் குரல் முன்னரே விளக்கிவிடுவதால் ஊகமும் இல்லை. எஞ்சுவது இரக்கம் ஒன்றே. ஊகிக்க வேண்டிய உழைப்பின்றி வந்த அவ்விரக்கம் நன்கொடை திரட்டுவதற்குப் பயன்பட்டது, அது தீங்கன்று. ஆயினும் கதைகூறலின் வெற்றியாக அதனைக் கொள்ளுதல் இயலாது.

அலெஹாந்த்ரோ கோன்சாலெஸ் இன்யாரித்துவின் 'கார்னே இ அரேனா' 2017இல் கான் விழாவில் இடம்பெற்றது. அவ்வாண்டிலேயே ஆஸ்கர் குழுவின் சிறப்பு விருதையும் பெற்றது. மெக்சிகோவிலிருந்து அமெரிக்க எல்லையைக் கடக்க முயலும் மக்களின் கதை இது. ஒருவர் பின் ஒருவராக மட்டுமே காண இயலும். காண்பவர் முதலில் குளிரூட்டிய சிறிய அறையொன்றில் காலணிகளைக் கழற்றி வைக்கிறார். எல்லைக் காவலில் பிடிபட்டோர் அடைக்கப்படும் குளிரறைகளை அது ஒத்தது. பின்னர் வெறுங்காலோடு மணல் பரப்பிய பெரிய கூடத்துக்குள் நுழைகிறார். ஏறத்தாழ ஆறரை நிமிட நேரம் பாலைநிலத்தில், வைகறை மங்கலில், களைத்து நடந்துவரும் குடும்பங்களுக்கிடையே அவர் உலவலாம். மேலே ஹெலிகாப்டர் தோன்றுகிறது. காவலர்கள் துப்பாக்கிகளோடு கூச்சலிட்டு வருகின்றனர்.

இவ்வமைப்பின் வலிமை முழுவதும் காலடியில் உள்ளது. காண்பவரின் கண்கள் கணிப்பொறி காட்டும் மணலைக் காணும்போது அவரது பாதங்கள் உண்மை மணலை உணர்கின்றன. உடல் ஐயுற இயலாத சான்று இது. களத்தில் ஓர் உடலாக அவர் நிற்கிறார். துப்பாக்கி அவரை நோக்கித் திரும்பும் கணத்தில் அவருக்கு ஒரு நிலையும் கிடைத்துவிடுகிறது: அவரும் பிடிபடத்தக்கவர். இத்துணை வலிவாகக் காண்பவரைக் களத்தில் நிறுத்திய படைப்புகள் மிகச் சிலவே. ஆயினும் இயக்குநர் தாம் எழுப்பியதைத் தாமே சிதைக்கும் இடம் ஒன்று உண்டு. காண்பவர் யாரேனும் ஒருவரின் உருவத்துக்குள் நடந்து புகுந்தால், அங்கு அவ்வுடலின் துடிக்கும் இதயம் தென்படுகிறது. கவித்துவம் கருதிச் செய்யப்பட்ட இவ்வுத்தி, காண்பவரை மீண்டும் ஆவியாக்கிவிடுகிறது. மணலை உணரும் பாதம் உடைய ஒருவர் பிறர் உடலை ஊடுருவ இயலாது. அதனினும் முதன்மையானது, பிறர் உடல் தமக்குத் திறந்து கிடப்பது என்னும் எண்ணத்தை அது தருகிறது. எல்லையில் நிறுத்திச் சோதிக்கப்படும் மக்களைப் பற்றிய கதையில் இது கவனக்குறைவு எனலாம். மணற்கூடத்தை அடுத்த நடைவழியில், இம்மக்களுள் சிலரின் முகங்களும் அவர்தம் வரலாறும் சுவரில் சிறு சட்டகங்களில் காட்டப்படுகின்றன. காண்பவர் அவர்களை நெருங்கி நின்று நோக்கலாம், உட்புக இயலாது. சட்டகம் ஏன் வேண்டும் என்பதை அந்நடைவழி மணற்கூடத்தைவிடத் தெளிவாகக் காட்டுகிறது.

பிறர் உடலையே காண்பவர்க்கு அணிவித்துவிடும் வழியும் முயலப்பட்டது. 2018இல் டிரைபெக்கா விழாவில் காட்டப்பட்ட 'தௌசண்ட் கட் ஜர்னி' காண்பவரைக் கறுப்பின ஆடவர் ஒருவராக, அவர்தம் பிள்ளைப்பருவம் முதல், நிறவெறியை எதிர்கொள்ளச் செய்கிறது. இத்தகைய படைப்புகள் காண்போர்க்கு நல்லவர் என்னும் மனநிறைவை வழங்குவதோடு நின்றுவிடக்கூடும் என லீசா நாகமுரா 2020இல் எழுதிய கட்டுரை வலிமையாக வாதிடுகிறது. இலக்கண நோக்கிலும் ஒரு தடை உண்டு. தலைவனின் கூற்றைத் தலைவனே கூற வேண்டும். கண்டோர் அதனைத் தம் கூற்றாக்கிக்கொள்ளின் களத்தில் கண்டோரும் இலர், தலைவனும் இலன்.

இத்தடைகளையெல்லாம் கடந்து நிற்கும் படைப்பு 'நோட்ஸ் ஆன் பிளைண்ட்னஸ்: இன்டு டார்க்னஸ்' (2016). பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் சமயக் கல்வி பயிற்றுவித்த ஜான் ஹல், 1980களின் தொடக்கத்தில் பார்வையை முற்றிலும் இழந்தார். 1983 முதலாகத் தம் நாட்குறிப்பை ஒலிநாடாவில் பதிந்துவந்தார். அவர் குரலே இப்படைப்பின் கூற்று. காட்சிக் கருவியாகிய ஓர் ஊடகத்தைக் கொண்டு பார்வையின்மையைக் கூறத் துணிந்தது வியப்புக்குரியது. பூங்காவொன்றில் இருள், குழந்தையின் சிரிப்பு கேட்கும் திசையில் ஒளிப்புள்ளிகளாக ஓர் உருவம் தோன்றுகிறது, சிரிப்பு நின்றதும் உருவம் மறைகிறது. ஒலிப்பவை மட்டுமே உள்ளன. மழை பெய்யும்போது கூரை, இலை, வேலி என ஒவ்வொன்றும் தன் ஒலியால் தன் வடிவைப் பெறுகிறது. வீட்டுக்குள்ளும் மழை பெய்தால் அறையின் வடிவை அறியலாமே என்னும் ஹல்லின் எண்ணம் அவ்வாறே காட்டப்படுகிறது: காண்பவர் நோக்கும் பாத்திரங்களின்மேல் மழைத்துளிகள் ஒலிக்கத் தொடங்குகின்றன.

காண்பவர் இங்கு ஹல்லின் உடலை அணியவில்லை. அவர் துயரைத் தமதாக்கிக்கொள்ளவும் இல்லை. ஹல்லின் அருகில் அமர்ந்து, அவர் உலகை அவர் சொல்வழி ஊகிக்கும் ஒருவராக அமைகிறார். முழுமையாகக் காட்டவல்ல ஊடகம் தன் ஆற்றலைத் தானே குறைத்துக்கொண்டதால் அறியாமைக்கும் ஊகத்துக்கும் இடம் பிறந்தது. கவனத்தைச் செலுத்தும் சிக்கலும் தானே தீர்ந்தது. இருளில் ஒலிப்பதன்றி நோக்குவதற்கு வேறொன்றும் இல்லை.

இந்தியச் சூழலுக்கு வருங்கால் 'இவர் யார்' என்னும் வினா மேலும் கூர்மையடைகிறது. மேலை நாட்டு நெறிகள் காண்பவர்க்கு உடல் இல்லை என்பதைத் தொழில்நுட்பக் குறையாகவே கருதின. இந்நாட்டில் உடலின்மை வேறொரு பொருளையும் தருகிறது: உடல் இல்லாதவர்க்குச் சாதி இல்லை, பால் வேறுபாடும் இல்லை. அவர் எங்கும் நிற்கலாம். ஆனால் இங்கு ஓரிடம் என்பதே அங்கு யார் நிற்கலாம், யார் நிற்கலாகாது என்னும் வரையறையால் அமைந்தது. மேலே சுட்டப்பட்ட படுகளத்திலும் இது மெய்யே. எல்லாப் பக்கமும் திறந்த அவ்வெளியிலும் யார் எங்கு நிற்பது என்பதை ஊரின் வழக்கமே தீர்மானித்து வந்துள்ளது.

குஷ்பு ராங்கா 2016இல் இயக்கிய 'ரைட் டு பிரே' என்னும் மெய்நிகர் ஆவணப்படம் இவ்வகையில் முதன்மை பெறுகிறது. நாசிக்கை அடுத்த திரியம்பகேசுவரர் கோயிலின் கருவறைக்குள் நுழையும் உரிமைக்காகப் பெண்கள் நடத்திய போராட்டம் அதன் பொருள். அவ்வாண்டு ஏப்ரலில் கோயில் நிர்வாகம், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், ஈர உடையோடு நுழையலாம் என்னும் கட்டுப்பாட்டோடு இசைவளித்தது. நேரமும் உடையும் குறித்த இக்கட்டுப்பாடு உடலின்மேல் விதிக்கப்பட்டது. உடலற்ற பார்வையாளர்க்கு அதன் கடுமை எவ்வாறு விளங்கும்? ஊர்வலத்தின் நடுவில் அவரை நிறுத்தினால் கூட்டத்தின் நெருக்கத்தை உணர்வார். தடுக்கப்படுதலை உணரார், ஏனெனில் அவரைத் தடுப்பதற்கு அங்கு எதுவும் இல்லை. இத்தகைய கதைக்கு முழுவட்டக் காட்சியைவிட மூடிய கதவு ஒன்றே பொருத்தமானது. சுற்றிலும் உலகு விரிந்திருக்க ஒரு திசை மட்டும் அடைபட்டிருக்குமாயின் அத்திசையையே காண்பவர் மீண்டும் மீண்டும் நோக்குவார். மின்மினியும் வேண்டா, கட்டியங்காரனும் வேண்டா.

அதே 2016இல் வெளிவந்த 'காஸ்ட் இஸ் நாட் எ ரூமர்' என்னும் படம், குஜராத்தின் ஊனாவில் நிகழ்ந்த கொடுமையையும் அதன்பின் எழுந்த தலித் மக்களின் எழுச்சியையும் பொருளாகக் கொண்டது. அவ்வாண்டு ஜூலை 11ஆம் நாள், இறந்த பசுவின் தோலை உரித்த மோட்டா சமதியாலா ஊரைச் சேர்ந்த தலித் இளைஞர்கள் பசுக் காவலர் என்போரால் கட்டிவைத்து அடிக்கப்பட்டனர். அதனை அடித்தவர் தரப்பினரே கைப்பேசியில் பதிந்து பரப்பினர். நாடு முழுவதும் மக்கள் அந்நிகழ்ச்சியைக் கண்டது அச்சிறு சட்டகத்தின் வழியே. அதைக் கண்ட ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, கைப்பேசியைப் பிடித்திருந்தவன் நின்ற இடத்தில் நின்றே கண்டனர். அடிபட்டோரின் ஊரில், அவர்தம் உறவினரிடையே பின்னர் நிறுத்தப்படும் முழுவட்டக் கருவி, காண்பவரை அவ்விடத்திலிருந்து அகற்றி வேறிடத்தில் நிறுத்துகிறது. ஆனால் அவ்வூரார் தம் நடுவில் வந்து நிற்பவரை யாராகக் கொண்டு பேசுகின்றனர் என்பது, கருவியின் பின்னிருந்து வினவியவர் யார் என்பதைப் பொறுத்தே அமையும்.